சக்கர் மீனுக்கு டாட்டா, தாடிக்காரருக்கு ஜே!

மக்களே, இன்றைக்குக் கொஞ்சம் சூடான விஷயம். எல்லாம் மீன் தொட்டி சமாசாரம்தான். ஆனால் நம்மை மாதிரி வெளியூரில் வந்து குப்பை கொட்டும் குடும்பங்கள் அவசியம் பேச வேண்டிய சமாசாரம்.

கதை எல்லா வீட்டிலும் ஒன்றுதான். பையன் நாய்க்குட்டி கேட்பான். ஃப்ளாட் அசோசியேஷன் விடாது. சரி போ என்று ஒரு மீன் தொட்டி வரும். கடைக்காரர் நாலு கோல்டு ஃபிஷ்ஷைப் போட்டுவிட்டு, "கூட ஒரு சக்கர் போட்டுக்குங்க சார், தொட்டியை அதுவே கிளீன் பண்ணிடும்" என்பார். அதுவும் அப்போது ரெண்டு இஞ்ச்தான் இருக்கும். கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு தொங்குவதைப் பார்க்க அழகாகவும் இருக்கும்.

கடைக்காரர் சொல்லாத விஷயம் ரெண்டு. ஒன்று, அது கழிவைத் தின்னாது. பாசியைச் சுரண்டும், மிச்ச தீனியைத் தின்னும், பதிலுக்கு எல்லாரையும்விட அதிகமாகக் கழிவு போடும். ரெண்டு, அது ஒன்றரை அடி வரை வளரக்கூடிய ஜீவன். ரெண்டடித் தொட்டியில் ஒன்றரை அடி மீன்! நினைத்துப் பாருங்கள்.

மூணு வருஷம் கழித்து மாற்றல் உத்தரவு வரும். ஃப்ரிட்ஜை விற்கலாம், சோபாவை விற்கலாம், கோல்டு ஃபிஷ்ஷைப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுக்கலாம். இந்தக் கருப்பு முரடனை எவரும் வாங்க மாட்டார்கள். "பாவம், எங்கேயாவது உயிரோட இருக்கட்டும்" என்று பக்கத்து ஏரியில் விட்டுவிட்டு, புண்ணியம் சேர்த்த திருப்தியோடு ரயில் ஏறிவிடுவோம்.

இது புண்ணியமே இல்லை என்பதுதான் என் கட்சி.

நான் இருக்கும் கொல்கத்தாவையே எடுத்துக்கொள்ளுங்கள். நகரத்துக்குக் கிழக்கே 12,500 ஹெக்டேரில் சதுப்பு நிலம் இருக்கிறது. 2002-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த இடம். நகரத்தின் சாக்கடைத் தண்ணீர் அங்கே 'பேரி' என்று சொல்லும் ஆழமில்லாத குளங்களுக்குப் போகிறது. வெயிலும் பாசியும் சேர்ந்து அதைச் சுத்தம் செய்கின்றன. அந்தப் பாசியையும் நுண்ணுயிர்களையும் தின்று ரோகுவும் கட்லாவும் வளர்கின்றன. அவைதான் இந்த ஊர் மீன் சந்தைக்கு வருகின்றன. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அதுதான் சோறு.

அந்தப் பேரிகளில் இன்றைக்கு நம்ம சக்கர் மீனும் இருக்கிறது. தென் அமெரிக்காவிலிருந்து அலங்கார மீன் வியாபாரத்தில் வந்த ஜாதி. பாசிக்கும் அடிமண்ணில் கிடக்கும் தீனிக்கும் வளர்ப்பு மீன்களோடு போட்டி போடுகிறது. முட்டையிடக் கரையில் வளை தோண்டுவதால் கரை சரிகிறது. உடம்பெல்லாம் எலும்புத் தகடு, துடுப்பில் முள், அதனால் வலை கிழிகிறது. தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கி வயிற்றாலேயே சுவாசித்துப் பிழைத்துக்கொள்ளும். வாங்கவும் ஆளில்லை. தமிழ்நாடு, ஆந்திரா, கேரளா என்று நம்ம பக்கத்து நீர்நிலைகளிலும் இதே கூத்துதான்.

எல்லாவற்றையும் மாற்றலாகிப் போகிறவர்கள் தலையில் கட்டவில்லை. பண்ணைகளிலிருந்து தப்பியதும் உண்டு. ஆனால் நம்ம பங்கை நிறுத்துவது நம்ம கையில்தானே இருக்கிறது? பிழைக்க வந்த ஊருக்குக் கெடுதல் செய்யாமல் போவது குறைந்தபட்ச மரியாதை.

சரி, பாசிக்கு என்ன செய்வது? அதற்குத்தான் தாடிக்காரர். கடைகளில் 'பிரிஸ்டில்நோஸ் ப்ளெக்கோ' என்று கேளுங்கள். சக்கருக்குத் தாயாதி முறை, ஆனால் நாலைந்து இஞ்ச்சோடு வளர்ச்சி நின்றுவிடும். வளர்ந்த ஆணுக்கு மூக்கின் மேலே கிளை கிளையாகத் தாடி முளைத்திருக்கும். பெண்ணுக்கு உதட்டோரம் லேசாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. காலிஃப் ஸ்ட்ரீட் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலோ நம்ம சென்னை கொளத்தூரிலோ தேடினால் கிடைக்கும். சக்கரைவிட விலை கூடத்தான். அதனால்தான் சொல்கிறேன், ஒருவர் வாங்கி வளர்த்துக் குட்டி எடுத்து, நாலு வீட்டுக்குக் கொடுங்கள். ரொம்பச் சுலபம்.

75 லிட்டருக்குக் குறையாத தொட்டி. ஸ்பாஞ்ச் ஃபில்டர். 24 முதல் 28 டிகிரி வெப்பம். கொல்கத்தாவில் டிசம்பர், ஜனவரி ராத்திரிகளில் குளிர் 13, 14 டிகிரிக்கு இறங்கும், ஹீட்டர் இல்லாமல் ஆகாது. சுரண்டித் தின்ன ஒரு மரக்கட்டை. சின்னதிலே ஆணா பெண்ணா என்று தெரியாது, அதனால் ஐந்தாறு குட்டிகளாக வாங்கி, ஒரு வருஷம் போல வளர்த்து, ஒரு ஆணை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ரெண்டு ஆண் இருந்தால் குகைக்குச் சண்டை வரும்.

குகை என்றதும் பயப்படாதீர்கள். கொதிக்க வைத்த கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து ஒரு பக்கம் வாசல் வைத்தால் குகை ரெடி. மூங்கில் துண்டு போதும், மிஷ்டி தோய் வாங்கிய மண் சட்டியைச் சோப்புப் போடாமல் கழுவிப் படுக்க வைத்தாலும் போதும். தீனிக்கு வேக வைத்த சுரைக்காய், வெள்ளரி, கீரை. சாம்பாருக்கு நறுக்கும்போதே ஒரு துண்டு தள்ளி வையுங்கள் :-)

வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை, குளோரின் நீக்கி, மாற்றுங்கள். கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் சேர்ந்தால் மழை வந்த மாதிரி நினைத்துக்கொண்டு முட்டையிடும். ஆரஞ்சு நிறத்தில் ஒட்டிக்கொண்டு, 50, 100 என்று இருக்கும். இட்டதோடு அம்மா கிளம்பிவிடுவார். அப்பாதான் குகையை அடைத்துப் படுத்து, வாசலை விட்டு நகராமல் துடுப்பால் விசிறிக்கொண்டே இருப்பார். ஒரு வாரத்துக்குள் பொரியும். மஞ்சள் கரு தீர இன்னொரு வாரம். அப்புறம் குட்டிகள் கண்ணாடியெங்கும் ஒட்டிக்கொண்டு சுற்றும். அதைப் பார்க்கும் பிள்ளைகள் டிவி ரிமோட்டைத் தொட மாட்டார்கள். அப்பாக்கள் கவனிக்க வேண்டிய பாடமும் அதில் இருக்கிறது, ஹி ஹி.

'லீவுக்கு ஊருக்குப் போனால் யார் பார்ப்பது?' என்று கேட்பீர்கள். வளர்ந்த மீன் ஒரு வாரம் பட்டினி தாங்கும். கிளம்பும்போது பாவம் பார்த்து டப்பாவைக் கவிழ்க்காதீர்கள், பட்டினியைவிட அழுகிய தீனிதான் மீனைக் கொல்லும். ஊரில் அதிக நாள் தங்குவதாக இருந்தால் நம்பகமானவர் ஒருவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள். குட்டிகள் இருக்கும் சமயத்தில் அது கட்டாயம்.

'குட்டிகள் மிஞ்சினால்?' இதுதான் முக்கியமான கேள்வி. தெரிந்தவர்களுக்குக் கொடுங்கள். கடையில் கொடுத்துத் தீனிப் பொட்டலம் வாங்கிக்கொள்ளுங்கள். போதும் என்று தோன்றினால் குகையை எடுத்துவிட்டு ஆணையும் பெண்ணையும் பிரித்து வையுங்கள். தாடிக்காரரும் அந்நிய மீன்தான். சின்னது என்பதற்காக ஏரியில் விடலாம் என்று அர்த்தமில்லை.

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். பாசி வருவது மீன் இல்லாததால் இல்லை. ஜன்னல் வெயில், நாள் முழுக்க எரியும் விளக்கு, அளவுக்கு மீறிய தீனி, இதெல்லாம்தான் காரணம். விளக்கை எட்டு மணி நேரத்தோடு நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது. வேலைக்கு ஆள் வைப்பது போல மீன் வாங்காதீர்கள். அதன் முழு ஆயுளுக்கும் நீங்கள் பொறுப்பேற்க முடியும் என்றால் வாங்குங்கள்.

இப்போதே வீட்டில் பெரிய சக்கர் இருக்கிறதா? பெரிய தொட்டி வைத்திருப்பவரைத் தேடுங்கள், வாங்கிய கடையில் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள், இந்த ஊரை விட்டுப் போகும் நண்பர் வைத்திருந்தால் அவருக்கும் உதவுங்கள். மூட்டை கட்டும் நேரத்தில் ஆயிரம் வேலை இருக்கும், தெரியும். அந்தப் பட்டியலில் மீனுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.