கம்பெனி திவால்! கொடுத்தவன் கதி என்ன?

தறிச் சத்தம் கேட்கும் ஊர் சங்கரன்கோவில். இங்கு நூலையும் துணியையும் நம்பிக்கையின் பேரில் கடனுக்குக் கொடுப்பது வழக்கம். வாங்கின கம்பெனி ஒருநாள் கதவைச் சாத்திவிட்டால் கொடுத்தவர்கள் என்ன செய்கிறார்கள்? "எல்லாம் தலையெழுத்து" என்று சொல்லி, கோமதியம்மனுக்கு நேர்ந்துகொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடுகிறார்கள். தலையெழுத்துக்குக் கெடு இல்லை; சட்டத்திற்குக் கெடு உண்டு என்பதை நினைப்பதில்லை.

1906-ம் வருஷம் அக்டோபர் 22-ந் தேதி சென்னையில் அர்பத்நாட் கம்பெனி திவாலாயிற்று. வெள்ளைக்காரர் கம்பெனி, சர் பட்டக்காரர் முதலாளி என்று மயங்கி ஜனங்கள் சேமிப்பைக் கொண்டுபோய்க் கொட்டியிருந்தார்கள். சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. பணம் போட்டவர்களுக்கோ முழுப்பணமும் கிடைக்கவில்லை. ஆகவே, முதலாளி ஜெயிலுக்குப் போவதும் கடன் வசூலாவதும் வேறு வேறு காரியங்களாகும்.

இன்றுள்ளது 2016-ம் வருஷத்திய திவால் சட்டம். கம்பெனியைக் கலைத்து விற்றால் முதலில் நடவடிக்கைச் செலவு. பிறகு தொழிலாளரின் 24 மாதப் பாக்கியும் ஈடு வாங்கின பாங்கியின் கடனும் சமமாக. அதன்பின் மற்றச் சிப்பந்திகளின் சம்பளம், ஈடில்லாத பணக்கடன், சர்க்கார் வரி. சரக்குக் கொடுத்தவன் இவர்களுக்கெல்லாம் பின்னால்! உழைத்தவனுக்கு முதலிடம் என்பதை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால், ஒரு பாவு நூல் கொடுத்த ஏழை சர்க்காருக்கும் பின்னால் நிற்பது எந்த ஊர் நியாயம்? அதுவுமன்றி, தானாக இவ்வழக்கைத் தொடுக்க 1 லட்சம் பாக்கி போதுமென்றிருந்ததை 2020-ல் 1 கோடியாக்கிவிட்டார்கள். 1 கோடி பாக்கியுள்ள நெசவாளி யார்?

சட்டம் திருந்தும்வரை நாம் சும்மாயிருக்கலாமா? பிறர் வழக்குத் தொடுத்தாலும் பத்திரிகையில் விளம்பரம் வரும். அதில் கண்ட கெடுவுக்குள், சாதாரணமாய் 14 நாளில், பில்லுடன் பாக்கியைப் பதிவு செய்யவேண்டும். வழக்கில்லாவிட்டால், தவணை தவறிய 3 வருஷத்திற்குள் சிவில் கோர்ட்டுக்குப் போகவேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, சரக்குக் கொடுக்கும்போதே முதலாளியிடம் சொந்த ஜாமீன் கையெழுத்து வாங்கவேண்டும். கம்பெனி திவாலானாலும் ஜாமீன்தாரர் தானாகத் தப்பிவிட முடியாதென்று 2021-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது.

"கையெழுத்துக் கேட்டால் மரியாதைக் குறைவு" என்பவர்களை ஒன்று கேட்கிறோம். பாங்கி கையெழுத்து வாங்காமல் ஒரு காசு கொடுக்குமா? பணக்காரனுக்கு மரியாதையாயிருப்பது ஏழைக்கு மட்டும் ஏன் மரியாதைக் குறைவாகவேண்டும்? யோசித்துப் பாருங்கள்.