ஓடுகிறது வண்டி! உறங்குகிறது விகிதம்!

பிரிட்டன் நாட்டில் சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டுபவன், வேனில் பொட்டலம் கொண்டுபோய்த் தருபவன், கருவிப் பெட்டியுடன் வீடு வீடாய்ச் சென்று குழாய் பழுது பார்ப்பவன் - இவர்களுக்கெல்லாம் வரிச் சட்டம் சூட்டியிருக்கும் பெயர் 'சுயதொழில் செய்வோர்'. பெயர் பெரிது; பிழைப்போ சிறிது! பெட்ரோல் அவன் காசு. டயர் அவன் காசு. காப்பீடு அவன் காசு. வண்டி படுத்தால், அன்றைய கூலியும் சேர்ந்து படுக்கும்.

இத்தகையோர் ஆண்டுதோறும் வரிக் கணக்குத் தரும்போது, தொழிலுக்காக ஓடிய மைலுக்கு இவ்வளவு என்று வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். 2025-26 வரியாண்டில் காருக்கும் வேனுக்கும் முதல் 10,000 மைல் வரை மைலுக்கு 45 பென்ஸ். அதற்கு மேல் ஓடும் ஒவ்வொரு மைலுக்கும் 25 பென்ஸ். மோட்டார் சைக்கிளுக்கு 24 பென்ஸ். 18,000 மைல் ஓடியவன் 6,500 பவுண்டு கழிக்கலாம். கத்தை கத்தையாய் ரசீது வேண்டாம். கணக்காளரைத் தேடி அலைய வேண்டாம். நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை நாம்.

ஆனால் அந்த விகிதம் எப்போது வந்தது? 45 பென்ஸ் 2011 ஏப்ரலில், சம்பளம் பெறும் ஊழியர்களுக்கென வந்தது. 25 பென்ஸ் அதற்கும் மூத்தது. 2002 ஏப்ரலில் பிறந்தது. 2013-ல் அதே விகிதங்கள் சுயதொழில் செய்வோருக்கும் சட்டமாயின. பெட்ரோல் விலை ஏறியது. காப்பீட்டுக் கட்டணம் ஏறியது. பழுதுபார்ப்புக் கூலி ஏறியது. ஏறாதது ஒன்றே ஒன்று - ஏழை ஓட்டுநனின் கழிவு! அதிலும் அதிகம் ஓடுபவனுக்கு, அதாவது அதிகம் உழைப்பவனுக்கு, ஆகப் பழைய விகிதம்! இது என்ன நீதி?

அமெரிக்கா ஒன்றும் தொழிலாளரின் பொன்னுலகம் அன்று. ஆயினும் அங்கே வரித்துறை ஆண்டுதோறும் செலவை எடைபோட்டு மைல் விகிதத்தை அறிவிக்கிறது. 2011 தொடக்கத்தில் 51 சென்ட். 2025-ல் 70 சென்ட். 2022-ல் எரிபொருள் விலை எகிறியபோது, ஆண்டு முடியட்டும் என்று காத்திராமல் ஜூலையிலேயே 58.5 சென்ட்டை 62.5 ஆக உயர்த்தினார்கள். அங்கே முடிந்தது, இங்கே ஏன் முடியவில்லை?

"விகிதம் போதாதென்றால் உண்மைச் செலவையே கணக்குக் காட்டலாமே!" என்பார்கள். காட்டலாம். சட்டம் தடுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு ரசீதையும் சேர்த்து, தொழிலுக்கு எவ்வளவு, வீட்டுக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்ட வேண்டும். அந்தத் தொல்லை கூடாதென்றுதானே எளிய வழி வகுத்தார்கள்? மேலும், ஒரு வண்டிக்கு மைல் விகிதத்தைத் தேர்ந்துவிட்டால், அந்த வண்டி தொழிலில் இருக்கும்வரை அதே வழிதான். கணக்காளர் வைத்திருப்பவன் தப்புவான். கையெழுத்துப் போட்டுத் தானே நிரப்புபவன் சிக்குவான்.

மிதிவண்டியில் உணவு கொண்டு செல்பவன் நிலை இன்னும் விந்தை. சம்பளக்காரன் மிதித்தால் மைலுக்கு 20 பென்ஸ். சுயதொழில் செய்பவன் மிதித்தால் மைல் விகிதமே இல்லை. கால் ஒன்றுதான், களைப்பு ஒன்றுதான். கணக்கு மட்டும் இரண்டு!

விகிதம் உயரும் நாள்வரை, உள்ளதையாவது உழைப்பவன் இழக்கலாகாது. முதல் 10,000-க்குள் 1,000 மைலை எழுத மறந்தால் 450 பவுண்டு கழிவு போயிற்று. அடிப்படை 20 விழுக்காட்டு வரியில் அது 90 பவுண்டு. எத்தனை நாள் பெட்ரோல் அது! எனவே நாள், புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், வேலை, மைல் - ஐந்தையும் அன்றன்றே எழுதுக. கடைக்கும் கோயிலுக்கும் போன மைலைச் சேர்க்காதே. தொழிலுக்குப் போன மைலை விடாதே. ஜனவரி 31 கெடு முடிந்தபின்னும் ஐந்தாண்டு ஏட்டைக் காத்து வை.

ஏடு தொழிலாளியின் கடமை. விகிதத்தை உயர்த்துவது அரசின் கடமை. முன்னதை அவன் செய்கிறான். பின்னதை ஆண்டுதோறும் செய்யுமாறு சட்டத்திலேயே எழுதிவைக்கட்டும் என்கிறோம். சலுகை கேட்கவில்லை, செலவழித்ததைச் செலவென்று ஒப்புக்கொள்ளச் சொல்கிறோம்!