கன்வெர்ட்டரைக் கழற்றலாமா?

கிழிந்த பட்டுப்புடவையை விலைக்குக் கேட்டு வருபவன் பட்டுக்காக வருவதில்லை. ஜரிகையிலுள்ள வெள்ளிக்காகவே வருகிறான். காஞ்சீபுரவாசிகள் இதை நன்கறிவர். பழைய மோட்டார் காரின் புகைக்குழாயிலுள்ள 'காடலிடிக் கன்வெர்ட்டரை'க் கழற்றிவிடும்படி சில ஒர்க்‌ஷாப்காரர்கள் கூறும் யோசனையையும் அவர்கள் அவ்வாறே நோக்க வேண்டுகிறோம். அதனுள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் முதலிய விலையுயர்ந்த உலோகங்கள் பூசப்பட்டிருக்கின்றன.

1995 ஏப்ரல் முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இக்கருவி கட்டாயமாயிற்று. ஈயம் இதைப் பாழாக்குமாதலால் ஈயமற்ற பெட்ரோலும் உடன் வந்தது. 2000-ல் ஈயப் பெட்ரோல் தேசமெங்கும் ஒழிந்தது. இவ்வளவு பிரயாசையின் பலனை ஒரு ஸ்பானரால் கழற்றி எறிவதா?

கருவி அடைத்துக்கொண்டதால் வண்டி இழுக்கவில்லை என்பார்கள். இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் எஞ்சினில் ஆயில் எரிவதும் தீப்பொறி தவறுவதுமே அதற்குக் காரணம். எஞ்சினைச் சீர்செய்யாமல் கருவியை வெட்டியெறிவது என்ன வைத்தியமோ! செலவு மிச்சந்தான், அதைச் சுமப்பவர் யார்? பிள்ளையார்பாளையத்தில் தறிக்குழியில் காலை வைத்து நாள்முழுதும் நெய்யும் தொழிலாளி. கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை அது அபகரிக்கிறது.

புகை விதிகளை மீறி வண்டி ஓட்டுவோருக்கு 10,000 ரூபாய் வரை அபராதமும் 3 மாதம் வரை சிறையும் விதிக்க மோட்டார் வாகனச் சட்டம் இடந்தருகிறது. புகைச் சான்று அளிப்போர் வண்டிக்கடியில் குனிந்து பார்க்கும்படி சர்க்கார் உத்தரவிட வேண்டும். கழற்றிய கருவி யார் கைக்குப் போயிற்றென்றும் விசாரிக்க வேண்டும்.