அளவெடுத்த கோட்டு

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது நம்மவர் பழமொழி. அதன் பொருளை மீண்டும் ஆராயும்படி என்னைத் தூண்டியவன் என் பழைய மாணவன் ஒருவன்.

சென்ற மாதம் ஒரு மாலை, மழை சற்றே ஓய்ந்திருந்த வேளையில், அவன் தன் தாயாருடன் பெல்மதுளையிலுள்ள என் இல்லத்துக்கு வந்தான். தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை. மேற்படிப்புக்காக இங்கிலாந்து செல்ல இடங்கிடைத்திருந்தது. "சேர், இங்கேயே கோட்டு ஒன்று தைத்துக்கொண்டு போவதா, அங்கே போய்த் தைப்பதா?" என்று கேட்டான். தாயாரோ, "நாலு பேர் நடுவிலே பிள்ளை குறைந்து நிற்கக் கூடாதுங்க ஐயா; என் காதுத் தோட்டை அடகு வைத்தாவது தைத்துவிடலாம்" என்றார்.

கேள்வி சிறிது, விடையோ அத்துணைச் சிறிதன்று. நேயர்களே, இதே கேள்வியோடு கப்பலேறிய ஓர் இளைஞரின் கதையை நீங்கள் அறிவீர்கள்.

1888ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், பதினெட்டு வயதுடைய மோகன்தாஸ் காந்தி பம்பாயிலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்டார். கரையிறங்கும்போது அணிவதற்கென்று வெள்ளைக் கம்பளித் துணியாலான உடையொன்றைப் பத்திரமாக வைத்திருந்தார். இறங்கிப் பார்த்தால், இலையுதிர் காலக் குளிரில் வெள்ளை உடுத்தியவர் அவர் ஒருவரே! அன்று சனிக்கிழமை. பெட்டிகள் முகவரிடம் போய்விட்டன, மறுநாள் விடுமுறை. மாற்றுடைக்கு வழியின்றி நாணிக் குறுகினார்.

பம்பாயில் தைத்த உடைகள் ஆங்கிலேயர் நடுவே பொருந்தாவென எண்ணிப் புதிய உடைகள் வாங்கினார். பத்தொன்பது ஷில்லிங்குக்கு உயர்ந்த பட்டுத் தொப்பி. நாகரிகத்தின் நடுநாயகமாக விளங்கிய பொண்ட் வீதியில், பத்துப் பவுணுக்கு அளவெடுத்துத் தைத்த மாலைநேர உடை. தமையனாருக்கு எழுதித் தங்கச் சங்கிலியும் வருவித்தார். நாள்தோறும் பத்து நிமிடம் கண்ணாடி முன் நின்று கழுத்துப்பட்டியையும் தலைமயிரையும் சீர்செய்தார். இவற்றையெல்லாம் அவரே தம் சுயசரிதையில் ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார். சில மாதங்களில் மயக்கம் தெளிந்தது. தமையனாரின் பணத்தில் படிக்க வந்தவன் என்பதை உணர்ந்து, காசுக்குக் காசு கணக்கெழுதிச் சிக்கனமாக வாழத் தலைப்பட்டார். ஆனால் உடையைத் துப்புரவாகவும் ஒழுங்காகவும் அணியும் பழக்கத்தை மட்டும் அவர் கைவிடவில்லை.

என் கதைக்கும் வருகிறேன். 2015ஆம் ஆண்டு, என் பட்டமளிப்பு விழாவுக்குச் சில வாரங்களுக்கு முன், தலயாத்திரையாக மதுரை சென்றிருந்தேன். அங்கே மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, பதினேழாம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டுவித்த புதுமண்டபம் இருக்கிறது. சிற்பத் தூண்களினிடையே தையற்காரர்கள் வரிசையாக அமர்ந்து பொறி மிதிக்கும் காட்சி அந்நாளில் யாத்திரிகர் கண்களைக் கவரும். (பின்னர் அக்கடைகள் குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன.) அதைக் கண்டதும் எனக்கும் ஆசை பிறந்தது. அருகிலிருந்த தெருவொன்றில் ஒரு தையற்காரரிடம் அளவு கொடுத்தேன். "நாளை மாலை பயணம், அதற்குள் வேண்டும்" என்றேன். அவர் தயங்கினார்; நான் வற்புறுத்தினேன்.

நல்ல கோட்டு அவ்வாறு பிறப்பதன்று. முதலில் அளவெடுத்துத் துணியை வெட்டி, நீண்ட வெள்ளை நூலால் தற்காலிகமாக இணைத்து, அணிபவரின் உடம்பில் போட்டுப் பார்ப்பார்கள். பிரித்துத் திருத்தி மறுபடியும் போட்டுப் பார்ப்பார்கள். இலண்டனில் சவில் ரோ என்னும் தெருவிலுள்ள கைதேர்ந்த தையற்காரர்கள் ஓர் உடைக்கு ஐம்பது மணி நேரமளவு கைவேலை செய்கிறார்கள். ஹொங்கொங்கிலும் வியட்நாமின் ஹோய் ஆன் நகரிலும் ஒரே நாளில் தைத்துக் கொடுப்பாருமுண்டு. அவசரக் கோட்டின் உட்துணி பெரும்பாலும் பசையால் ஒட்டப்பட்டதாக இருக்கும். ஈரமும் வெப்பமும் கூடினால் அது விட்டுக் கொப்புளிக்கும். ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழியும் நம் இரத்தினபுரிப் பக்கத்தில் அதன் கதி என்னவென்று சொல்லவும் வேண்டுமா? கைந்நீளத்தையும் இடுப்பையும் பின்னர் திருத்திக்கொள்ளலாம். தோள் பிழைத்தால் கோட்டே பிழைத்தது. என் கோட்டில் பிழைத்தது தோள்தான். குற்றம் தையற்காரருடையதன்று, என் அவசரத்தினுடையது.

ஆயினும் என் மனத்தைத் தைத்தது வேறொன்று. வீடு வந்து அதை அணிந்து தந்தையார் முன் நின்றேன். திண்ணையில் இருந்த அவர் எழுந்து நின்றார். தோளில் கிடந்த துண்டைத் தம்மையறியாமலே கையில் எடுத்துக்கொண்டார். பிறகு சிரித்து, "பெரிய கங்காணி மாதிரி இருக்கியேப்பா!" என்றார்.

அவருடைய சிறு வயதில் தோட்டத்திலே வேட்டிக்கு மேல் கோட்டணிந்து, தலைப்பாகையுடன் வருபவர் பெரிய கங்காணி. மழைக்கும் குளிருக்கும் தொழிலாளர் போர்த்தியது கறுப்புக் கம்பளி. அந்தக் கம்பளியின் விலையும் கூலிக் கணக்கிலே கழிக்கப்பட்டது. முன்னோருக்குப் போர்வையே கடனாக வந்தது. கோட்டோ அதிகாரமாக வந்தது. படித்த மகன் அணிந்தபோதும், தந்தையின் கைக்கு அந்தப் பழைய அச்சம் மறக்கவில்லை.

நான் அளவு கொடுத்த அதே மதுரையிலேதான், 1921ஆம் ஆண்டு செப்டெம்பர் 22ஆம் நாள், காந்தியடிகள் அரையாடை பூண்டார். கதருடை வாங்கவும் வகையற்ற ஏழைகளைக் கண்டு எடுத்த முடிவு அது. 1931ஆம் ஆண்டில் இலண்டன் அரண்மனையில் மன்னரைச் சந்தித்தபோதும் அதே கோலம். வெள்ளைக் கம்பளி உடையில் கூசிய இளைஞர், முழத்துணியில் கூசாது நின்றார்.

இதனால் கோட்டு வேண்டாமென்று நான் சொல்ல வரவில்லை. குளிர்நாட்டில் அது தேவை. சபைக்கேற்ற உடை சபைக்குச் செய்யும் மரியாதை. மாணவனிடம் நான் கூறியது இதுவே: "தம்பி, இப்போது கம்பளிச் சட்டையொன்றும் கனத்த மேற்சட்டையொன்றும் போதும். கோட்டை அங்கே போய், பிறர் உடுப்பதைப் பார்த்து, உன் உழைப்பின் முதற் பணத்தில் தைத்துக்கொள். இரண்டு முறையாவது போட்டுப் பார். தோளைக் கவனி. தையலின் உள்ளே கொஞ்சம் துணி விடச் சொல்."

பின்பு தாயாரிடம், "அம்மா, தோடு காதிலேயே இருக்கட்டும்" என்றேன்.

அவர் சற்று நேரம் மகனைப் பார்த்திருந்தார். "அப்படின்னா, கோட்டுப் போட்ட அன்றைக்கு ஒரு படம் அனுப்பணும்" என்றார்.

அனுப்புவான். அந்தப் படத்தைப் பார்க்கும்போது எந்தக் கையும் தோள் துண்டைத் தேட வேண்டியதில்லை. கோட்டைத் தைப்பவர் உடம்பை அளக்கிறார். வசதியை அளந்துகொள்ள வேண்டியவர் நாமே. இரண்டளவும் பொருந்தியதே நல்ல கோட்டு.