ஏழு ஆட்டங்களும் ஒரு தீர்ப்பும்

2025ஆம் ஆண்டு ரமளானின் கடைசிப் பத்து நாட்கள் தொடங்கியபோதுதான் இந்தியன் பிரீமியர் லீக் போட்டிகளும் தொடங்கின. இரவு ஏழரை மணிக்கு ஆட்டம் ஆரம்பமாகும். இங்கே பொம்மிடியில் நாங்கள் இஷாவுக்கும் தராவீஹுக்கும் வரிசையில் நின்றுகொண்டிருப்போம். தொழுகை முடிந்து செருப்பைத் தேடும்போதே "ஹஜ்ரத், எத்தனை விக்கெட்?" என்று மாணவர்கள் கேட்பார்கள். கண்டிக்க வேண்டிய நானே, அவர்களுக்கு முன்னால் யாரிடமாவது விசாரித்து வைத்திருப்பேன் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

பெருநாள் வருவதற்குள் சென்னை அணி மூன்று ஆட்டங்களை ஆடி முடித்திருந்தது. மும்பையை வென்றது, சேப்பாக்கத்தில் பெங்களூரிடம் 50 ரன்களில் தோற்றது, மார்ச் 30 அன்று கௌகாத்தியில் ராஜஸ்தானிடம் 6 ரன்களில் தோற்றது. மறுநாள் பெருநாள் தொழுகை முடிந்து முஸாஃபஹா செய்த கையை விடாமலேயே, ரயில் நிலையச் சாலையில் தேநீர்க் கடை வைத்திருக்கும் பெரியவர், "சென்னை அவ்வளவுதான் ஹஜ்ரத்" என்றார். "பொறுங்கள் பாய், மூன்று ஆட்டத்தில் என்ன தெரியும்?" என்று கூறி, 2010ஐச் சான்றாக எடுத்து வைத்தேன்.

அந்த 2010 எனக்கு மறக்க முடியாத ஆண்டு. முதல் ஏழு ஆட்டங்களில் சென்னை வென்றவை இரண்டு, தோற்றவை ஐந்து. அப்போது கல்லூரிப் பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த நான், "இனி இந்த அணியின் ஆட்டத்தைப் பார்ப்பதில்லை" என்று வீட்டில் அறிவித்துவிட்டேன். ஏப்ரல் 3 அன்று நம் முரளி விஜய் ராஜஸ்தானுக்கு எதிராக 56 பந்துகளில் 127 ரன்கள் குவித்தார். அறிவிப்புச் செய்தவன் என்ற வீம்பினால் அதை நான் பார்க்கவில்லை. பிறகு தர்மசாலாவில், கடைசி ஓவரில் 16 ரன்கள் வேண்டியிருந்த நிலையில், இரண்டு பந்துகள் மீதமிருக்கத் தோனி ஆட்டத்தை முடித்தார். பதினான்கில் ஏழு வெற்றிகள். அதே 14 புள்ளிகளோடு பெங்களூர், டெல்லி, கொல்கத்தா ஆகிய மூன்று அணிகளும் நிற்க, ரன் விகிதக் கணக்கில் அரையிறுதிக்குள் நுழைந்த சென்னை, இறுதியில் மும்பையை 22 ரன்களில் வீழ்த்திக் கோப்பையை எடுத்தது.

இத்தகைய சான்றுகள் வேறும் உண்டு. 2014இல் கொல்கத்தாவும் முதல் ஏழில் ஐந்தைத் தோற்று, பின்னர் தொடர்ந்து ஒன்பது ஆட்டங்களை வென்று கோப்பை பெற்றது. 2015இல் முதல் நான்கையும் தோற்ற மும்பை, இறுதியில் சென்னையையே தோற்கடித்தது. இவற்றையெல்லாம் விரல்விட்டு எண்ணிக் காட்டினேன். பெரியவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

அவர் சொன்னதே நடந்தது. சென்னை அடுத்த மூன்றையும் தோற்றது. சேப்பாக்கத்தில் கொல்கத்தாவுக்கு எதிராக 9 விக்கெட்டுக்கு 103 ரன்கள் மட்டுமே எடுத்தது. எதிரணி பதினோராவது ஓவரின் முதற்பந்திலேயே அதைக் கடந்துவிட்டது. இறுதியில் சென்னைக்குக் கிடைத்தது பத்தாவது இடம். அதன் வரலாற்றில் முதன்முறையாகக் கடைசி இடம்.

நான் எங்கே தவறினேன் என்று பின்னர் பல நாள் யோசித்தேன். தோல்விகளின் எண்ணிக்கையைப் பார்த்தேனேயன்றி, தோற்ற விதத்தைப் பார்க்கவில்லை. 2010இல் பஞ்சாபிடம் தோற்றது ஆட்டம் சமனாகி, சூப்பர் ஓவரில். ஓர் இழை இப்படி அப்படி ஆகியிருந்தால் அது வெற்றி. 2025இல் துரத்தும்போது தொடக்க ஓவர்களிலேயே வேகமின்றி ஆட்டத்தைக் கைவிட்டார்கள். டெல்லியிடம் 25, பஞ்சாபிடம் 18 என்று தாளில் சிறிதாகத் தெரியும் தோல்விகளும், கண்ணால் பார்த்தவர்களுக்கு எப்போதோ முடிந்துபோனவை. தேநீர்க் கடைக்காரர் ஆட்டத்தைப் பார்த்தார். நான் பட்டியலைப் பார்த்தேன்.

ஆயினும் தொடக்க வெற்றியும் நம்பத் தகுந்ததன்று. அதே ஆண்டு முதல் நான்கையும் வென்ற டெல்லி, ஐந்தாம் இடத்தில் நின்று வெளியேறியது.

அமெரிக்காவில் பேஸ்பால் என்றொரு ஆட்டம். அங்கே ஓர் அணி ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆட வேண்டும். 2019இல் வாஷிங்டன் அணி முதல் ஐம்பதில் 31ஐத் தோற்றும் அவ்வாண்டின் கோப்பையை வென்றது. அவர்களுக்கு ஐம்பது ஆட்டங்கள் ஒரு தொடக்கம் மட்டுமே. நமக்கோ லீக் சுற்றில் பதினான்கே ஆட்டங்கள். ஏழு முடிந்தால் பாதி வயது போயிற்று.

அணியின் கணக்கு இப்படியென்றால், தனி ஆளின் கணக்கு வேறு. சேர்வராயன் மலைக்கு அந்தப் பக்கம், சின்னப்பம்பட்டியில் பிறந்த நடராஜனை 2017இல் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அவ்வாண்டு அவருக்குக் கிடைத்தவை இரண்டே விக்கெட்டுகள். ஹைதராபாத் அணி அவரை 2018, 2019 இரண்டு பருவங்களும் ஓர் ஆட்டம்கூடத் தராமல் உட்கார வைத்திருந்தது, ஆனால் விட்டுவிடவில்லை. 2020இல் அவர் வீசிய யார்க்கர்களை நாடே பார்த்தது. அதே பயணத்தில் ஆஸ்திரேலியாவில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார்.

எங்கள் மதரஸாவில் ஷவ்வால் மாதத்தில் ஆண்டு தொடங்கும். முதல் மாத முடிவில் ஒவ்வொரு மாணவனின் பெயருக்கு எதிரிலும் இரண்டு வரி எழுதி வைப்பது என் நெடுநாள் வழக்கம். அவ்வாண்டு ஒரு பையன். மக்ரஜ் சரியாக வராது, முந்தின நாள் பாடம் மறுநாள் நினைவிராது. "தேறமாட்டான்" என்று எழுதப் பேனாவை எடுத்தவன், அவன் தவறும் இடங்களைக் கவனித்தேன். எல்லாம் ஒரே இடம். கடைசி வரிசையில் அமர்ந்து, நான் ஓதிக்காட்டுவது காதில் விழாத இடம். அவனை முன்வரிசைக்கு மாற்றி உட்கார வைத்தேன். அவன் பெயருக்கு எதிரே அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டேன்.