ஒப்பந்தத்துக்கு முன்னால் வரும் கேள்வி

தமிழ்நாட்டில் வீட்டை வாடகைக்கு விடுகிறவர் என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்ல ஒரு சட்டம் இருக்கிறது. சொத்து உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் அது. 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். 90 நாட்களுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் அதைத் திருப்பித் தர வேண்டும். என்ன தகராறு இருந்தாலும் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக் கூடாது. 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்காமல் உள்ளே வரக் கூடாது. உரிமையாளர் வெளியூரில் இருந்தால், அவருக்காக வீட்டைப் பார்த்துக்கொள்ளும் சொத்து மேலாளருக்கும் கடமைகள் உண்டு.

நல்ல பட்டியல்தான். ஆனால் இவை எல்லாமே சாவி கைக்கு வந்த பிறகு தொடங்கும் கடமைகள். சாவி யார் கைக்கு வரலாம், யார் கைக்கு வரக் கூடாது என்பதைத் தீர்மானிக்கும் முதல் கேள்வியைப் பற்றி இந்தச் சட்டம் வாயே திறக்கவில்லை. வீடு தேடுபவரின் சாதியைக் கேட்டு மறுக்கக் கூடாது என்ற ஒரு வரி அதில் இல்லை. 2021இல் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்து மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரி வாடகைச் சட்டத்திலும் இல்லை.

திருச்சியில் வீடு தேடிய யாருக்கும் அந்த முதல் கேள்வியின் வடிவங்கள் தெரியும். காவிரிப் பாலத்துக்கு வடக்கே, திருவரங்கத்தின் உத்திர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் அது பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றிய கேள்வியாக வரும். "நீங்க சைவமா?" என்று கேட்பார்கள். "ஆமாம்" என்று சொன்னாலும் போதாது. "பிறப்பிலேயே சைவமா?" என்று அடுத்த கேள்வி வரும். பாலத்துக்குத் தெற்கே கேள்வி இன்னும் நேராக இருக்கும். "நீங்க என்ன ஆளுக?" அல்லது, "சொந்த ஊர்ல எந்தத் தெரு?" இதைக் கேட்பவர் பார்ப்பனராக இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. தில்லை நகரிலும் உறையூரிலும் கே.கே. நகரிலும் மாடி வீடு கட்டி வாடகைக்கு விடுகிறவர்களில் பெரும்பாலோர் இடைநிலைச் சாதியினர். அக்கிரகாரத்தைக் கேலி செய்யும் வாய்தான் தன் வீட்டு வாசலில் அக்கிரகாரத்தின் கேள்வியைக் கேட்கிறது.

முனைவர் பட்ட ஆய்வுக்காக இந்த நகரத்துக்கு வந்த பிறகு நான் மூன்று வீடுகள் மாறிவிட்டேன். தேடிய வீடுகள் அதைப் போலப் பல மடங்கு. ஒரு புரோக்கர் என்னிடம் மிகுந்த அக்கறையோடு ஒரு யோசனை சொன்னார்: "ஊர்ப் பேரைக் கேட்டா தாலுகா பேரைச் சொல்லுங்க தம்பி, தெருப் பேரைச் சொல்லாதீங்க." அவர் கெட்டவர் அல்ல. தன் தொழிலின் விதிகளை நன்றாக அறிந்தவர். எந்த வீட்டுக்கு யாரை அழைத்துப் போகக் கூடாது என்ற பட்டியல் அவர் தலைக்குள் இருக்கிறது. அந்தப் பட்டியலுக்கு எந்த அலுவலகத்திலும் கோப்பு கிடையாது.

இங்கேதான் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் நல்ல விதியே ஒரு பொறியாக மாறுகிறது. எழுத்து ஒப்பந்தம் வாடகைதாரருக்குப் பாதுகாப்பு. ஆனால் ஒப்பந்தத்துக்கு முகவரிச் சான்று தர வேண்டும். ஆதார் அட்டையில் சாதி இல்லை, முகவரி இருக்கிறது. அந்த முகவரியில் "காலனி" என்றோ "ஆதிதிராவிடர் தெரு" என்றோ ஒரு சொல் இருந்தால், அதற்கு மேல் யாரும் எதையும் கேட்க வேண்டியதில்லை. "காலனி" என்ற சொல் வசைச்சொல்லாகவும் தீண்டாமையின் குறியீடாகவும் ஆகிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்து அது நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்க வேண்டிய அறிவிப்பு. ஆனால் பல லட்சம் அட்டைகளில் அந்தச் சொல் அச்சாகிவிட்டது. ஆகவே சாதியைச் சொல்லாமல் குடியேறியவர் எழுத்து ஒப்பந்தம் கேட்கத் தயங்குகிறார், வாய்ப்பேச்சில் தங்கிவிடுகிறார். ஒப்பந்தம் இல்லாததால் காலி செய்யச் சொல்லும்போது அவர் கையில் ஒரு தாளும் இல்லை. சட்டத்தின் பாதுகாப்பு யாருக்கு அதிகம் தேவையோ, அவரே அதற்கு வெளியே நிற்கிறார்.

இதைச் சொன்னதும் நண்பர்கள் பலர் ஒரே பதிலைச் சொல்கிறார்கள்: "தனியார் வீடு, என்ன செய்ய முடியும்? சட்டத்தில் இடமில்லையே." இது தவறு. வாடகைச் சட்டத்தில் இல்லை என்பதுதான் உண்மை. வேறு இரண்டு சட்டங்களில் இருக்கிறது.

முதலாவது, 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம். தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் என்ற பெயரில் பிறந்து, 1976இல் திருத்தப்பட்டு இந்தப் பெயரைப் பெற்றது. அதன் 4ஆம் பிரிவு, தீண்டாமையின் பேரில் ஒருவர் மீது சுமத்தக் கூடாத தடைகளைப் பட்டியலிடுகிறது. கடை, உணவகம், கிணறு, சுடுகாடு என்று நமக்குத் தெரிந்தவற்றோடு இன்னொன்றும் அதில் இருக்கிறது: எந்தப் பகுதியிலும் குடியிருப்பைக் கட்டவும், வாங்கவும், அதில் குடியிருக்கவும் தடை விதிப்பது குற்றம். 12ஆம் பிரிவு இன்னும் முக்கியமானது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால், அந்தச் செயல் தீண்டாமையின் பேரில்தான் நடந்தது என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு எதிர்த்தரப்புக்கு. தண்டனை ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. அபராதம் 100 ரூபாயிலிருந்து 500 ரூபாய் வரை. அந்தத் தொகை இன்று சிரிப்பை வரவழைக்கும்.

இரண்டாவது, 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், பட்டியல் சாதியினர் மீதும் பழங்குடியினர் மீதும் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பை விதிப்பதைத் தனிக் குற்றமாக்கியது. பொருளாதாரப் புறக்கணிப்பு என்றால் என்ன என்றும் அதில் விளக்கம் உண்டு. ஒருவரோடு தொழில்முறையில் கொடுக்கல் வாங்கல் செய்ய மறுப்பது. வழக்கமான வணிகத்தில் எந்த நிபந்தனையில் ஒரு காரியம் நடக்குமோ அந்த நிபந்தனையில் செய்ய மறுப்பது. பலகை மாட்டி, விலை சொல்லி, எல்லோருக்கும் திறந்திருக்கும் ஒரு வாடகை வீட்டைச் சாதி தெரிந்ததும் மறுப்பது இந்த விளக்கத்துக்குள் வரும் என்று வாதிட வலுவான இடம் இருக்கிறது. சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தும் குற்றத்துக்கு அது பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்க வேண்டும். புறக்கணிப்புக் குற்றத்துக்கு அந்த நிபந்தனை இல்லை. மறுப்பு பெரும்பாலும் தொலைபேசியில் வருவதால் இந்த வேறுபாடு நமக்கு மிகவும் தேவையானது.

பிறகு ஏன் வழக்குகள் வருவதில்லை? வீடு தேடுபவருக்கு இன்று இரவு படுக்க இடம் வேண்டும் என்பதுதான் காரணம். அவர் அடுத்த வீட்டுக்குப் போவாரா, காவல் நிலையத்துக்குப் போவாரா? மறுப்பவரும் சாதியைச் சொல்லி மறுப்பதில்லை. "இப்பத்தான் ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டுப் போனார்" என்பார். அது பொய்யா உண்மையா என்று தனி ஒருவரால் கண்டுபிடிக்க முடியாது.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. 2012இல் டெல்லி தலைநகரப் பகுதியில் சுகதேவ் தோரட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் அதைச் செய்தார்கள். ஒரே மாதிரி வேலை, ஒரே மாதிரி வருமானம். பெயர் மட்டும் வேறு வேறு. ஆதிக்க சாதிப் பெயர் கொண்டவருக்குக் கிடைத்த வீடு தலித் பெயர் கொண்டவருக்கு மறுக்கப்பட்டது, அல்லது அதிக நிபந்தனையோடு தரப்பட்டது. இஸ்லாமியப் பெயர் கொண்டவருக்கு மறுப்பு இன்னும் அதிகம். அமெரிக்காவில் இதே முறை நீதிமன்றத்திலேயே சான்றாகிறது. உண்மையில் வீடு தேவைப்படாமல் சோதனைக்காகப் போன கருப்பின சோதனையாளர், பொய்த் தகவல் தரப்பட்டால் தானே வழக்குத் தொடுக்கலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1982இல் தீர்ப்பளித்தது. அதற்கு அடிப்படையான நியாயமான வீட்டுவசதிச் சட்டம், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரல் 11 அன்று கையெழுத்தானது.

"என் வீடு, என் விருப்பம்" என்ற வாதத்துக்கும் அந்தச் சட்டத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. உரிமையாளர் தானும் குடியிருக்கும் சிறிய கட்டடங்களுக்கு, நான்கு குடித்தனங்கள் வரை, அது விலக்கு தருகிறது. ஆனால் அந்த விலக்குப் பெற்றவர்கூட "இன்னாருக்கு மட்டும்" என்று விளம்பரம் செய்யக் கூடாது. உங்கள் மனத்துக்குள் சட்டம் நுழையாது. உங்கள் பலகைக்குள் நுழையும். வாசலில் பலகை தொங்கிய நொடியில் வீடு உங்கள் அந்தரங்கமாக மட்டும் இருப்பதை நிறுத்திவிட்டது. அது சந்தைக்கு வந்துவிட்டது. அரசியலமைப்பின் 15ஆம் கூறில் வரும் "கடை" என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கேள்வி எழுந்தபோது, விலைக்குச் சேவை வழங்கும் எவரையும் அது குறிக்கும் என்று அண்ணல் அம்பேத்கர் விளக்கினார். 2011இல் உச்ச நீதிமன்றம் அந்த விளக்கத்தை எடுத்துக்கொண்டு, தனியார் கல்லூரிகளும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும் என்றது. கல்லூரி அடங்கும் என்றால் வாடகைக்கு விடப்படும் வீடு ஏன் அடங்காது?

அம்பேத்கர் இதைப் புத்தகத்திலிருந்து அறிந்தவர் அல்ல. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு, 1917இல் பரோடா சமஸ்தானத்தின் அதிகாரியாக வேலைக்குப் போனவருக்கு அந்த நகரத்தில் ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்தவர்கள் அவரை வெளியேற்றினார்கள். வேலையை விட்டுவிட்டுப் பம்பாய் திரும்பினார். படிப்பு வந்தால், பதவி வந்தால் சாதி போய்விடும் என்று இன்னும் நம்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

பலகையோடு மோதுவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியில், உணவகப் பலகையில் இருந்த "பிராமணாள்" என்ற சொல்லை அகற்றக் கோரிப் பெரியார் போராட்டம் அறிவித்தார். தோழர்கள் மாதக்கணக்கில் நாள்தோறும் கைதானார்கள். 2012இல் திருவரங்கத்திலேயே அதே சொல் ஓர் உணவகப் பலகையில் தலைகாட்டியபோது திராவிடர் கழகம் மீண்டும் போராடியது. அன்றும் "தனியார் கடை" என்றுதான் சொன்னார்கள். இன்று எந்த உணவகமாவது வாசலில் சாதி கேட்க முடியுமா? உணவக வாசலில் ஒழிந்த கேள்வி வீட்டு வாசலில் உயிரோடு இருக்கிறது. 1947இன் கோயில் நுழைவுச் சட்டத்துக்குப் பிறகு அரங்கநாதர் கோயிலுக்குள் எந்தச் சாதியைச் சேர்ந்த இந்துவும் போகலாம். அதே கோயிலைச் சுற்றியுள்ள வீதியில் பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டின் சாவியை யாரும் கேட்க முடியாது.

தமிழ்நாடு அரசு செய்ய வேண்டியது பெரிய புரட்சி அல்ல; ஒரு சட்டத் திருத்தம். 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்க்க வேண்டும்: சாதி, மதம், பாலினம், திருமண நிலை, உணவுப் பழக்கம் ஆகியவற்றின் பேரில் வீடு மறுப்பதும், கூடுதல் நிபந்தனை விதிப்பதும், அப்படி விளம்பரம் செய்வதும் குற்றம் என்று. மதமும் உணவும் அதில் இருந்தே ஆக வேண்டும். மேலே சொன்ன இரண்டு சட்டங்களும் இஸ்லாமியருக்குக் கைகொடுக்காது. சாதியைக் கேட்க வெட்கப்படுபவர் கறியைத்தான் கேட்பார். பொறுப்பு உரிமையாளரோடு நிற்கக் கூடாது. சொத்து மேலாளர், புரோக்கர், விளம்பரம் வெளியிடும் செயலி எல்லோரும் பொறுப்பாக வேண்டும். புகாரை வாடகை அதிகாரியிடமே கொடுக்க வழி வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை பெரிய நகரங்களில் சோதனை ஆய்வு நடத்தி, முடிவைச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். தெருப் பலகைகளில் சாதிப் பெயர்களை நீக்க 2025இல் ஆணையிட்ட அரசுக்கு, வாடகைப் பலகை எட்டாத உயரமல்ல.

திருத்தம் வரும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. "இன்னாருக்கு மட்டும்" என்ற பலகையைப் பார்த்தால் படம் எடுங்கள். செயலி விளம்பரத்தையும் வாட்சப் பதிலையும் அழிக்காமல் வையுங்கள். உரிய சான்றிதழோடு மின்னணுப் பதிவு நீதிமன்றத்தில் சான்றாகும். "ஆள் வந்துட்டாங்க" என்று பதில் வந்தால், ஆதிக்க சாதியில் பிறந்த நண்பர் ஒருவர் அதே எண்ணுக்குப் பத்து நிமிடம் கழித்து அழைக்கட்டும். இரண்டு பதில்களும் சேர்ந்தால் அது வெறும் மனக்குறை அல்ல, சான்று. அந்தச் சான்றோடு காவல் நிலையம் போகும்போது, 4ஆம் பிரிவையும் 12ஆம் பிரிவையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

ஆதிக்க சாதியில் பிறந்து சாதி ஒழிப்புப் பேசும் தோழர்களுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. உங்கள் அப்பாவின் பெயரிலோ அம்மாவின் பெயரிலோ ஊரில் ஒரு வாடகை வீடு இருக்கக்கூடும். அதை இதுவரை யாருக்கு விட்டிருக்கிறார்கள், யாருக்கு மறுத்திருக்கிறார்கள் என்று இந்த வாரம் கேளுங்கள். அடுத்து அது காலியாகும்போது பலகையை எழுதுவது நீங்களாக இருங்கள்.