கம்ப்யூட்டர் கிடங்கில் தகராறு

கல்யாணப் போட்டோ கம்ப்யூட்டரில் எந்த மூலையில் இருக்கிறது? அதைக் குறித்து வைப்பதுதான் 'பைல் சிஸ்டம்'. குறிப்பு கெட்டால், போட்டோ உள்ளே இருந்தும் கைக்கு வராது.

கென்ட் ஓவர்ஸ்ட்ரீட் பல ஆண்டுகள் பாடுபட்டு எழுதிய 'பிகேஷ் எப்.எஸ்.' அப்படிப்பட்ட ஒன்று. 2024 ஜனவரியில் வந்த லினக்ஸ் 6.7-ல் அதற்கு இடம் கிடைத்தது. லினக்ஸ் யாரும் படித்துத் திருத்தக்கூடிய பொதுச்சொத்து. ஆனால் பொதுச்சொத்துக்கும் காவல் உண்டே! புது வசதி சேர்க்க இரண்டு வாரம். பிறகு ஏழெட்டு வாரம் பிழை திருத்துவது மட்டும்தான்.

2025 ஜூனில் தகராறு முற்றியது. கெட்டுப்போன கிடங்கைப் பழைய நிலைக்குத் திருப்பும் வசதி ஒன்றை, திருத்தக் காலத்தில் ஓவர்ஸ்ட்ரீட் அனுப்பினார். தகவலை இழந்தவர்கள் காத்திருக்க முடியாது என்பது அவர் கட்சி. இது புது வசதி, இப்போது வரக்கூடாது என்பது லினக்ஸை உண்டாக்கிய லைனஸ் டோர்வால்ட்சின் கட்சி. அவர் அதைச் சேர்த்துக்கொண்டார். கூடவே, இனிப் பிரிந்துவிடலாம் என்றும் எழுதினார்.

ஓவர்ஸ்ட்ரீட்டின் பதைப்பு நியாயமானதே. ஆனால் அவசரத் திருத்தத்தில் புதுப் பிழை புகுந்தால், நன்றாக இருக்கும் கிடங்கும் கெடும். அந்தப் பயமும் பொய்யல்ல.

அவ்வாண்டு நவம்பரில் வந்த 6.18-ல் பிகேஷ் எப்.எஸ். இல்லை. வேண்டியவர்கள் அதைத் தனியாக இறக்கிப் பொருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.